எழுந்து நின்ற டீசல் முள்

அன்றைக்கு மாட்டுத்தாவணிக்குப் பின்பக்கம் இருக்கும் லாரி ஷெட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். வண்டியை விற்க நின்ற நான். விற்றுத் தருகிறேன் என்று வந்த புரோக்கர். இவர் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மச்சான். டீசல் முள்ளைச் சரிசெய்ய வந்த எலக்ட்ரீஷியன். சோழவந்தான் பக்கமிருந்து வண்டி பார்க்க வந்த தேங்காய் வியாபாரி. அவரோடு வந்த அவருடைய டிரைவர். அவ்வளவுதான். டீ கொண்டுவந்தவர் கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார், அவரைச் சேர்க்கக் கூடாது. இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. நடந்ததை நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களை எல்லாம் அன்றைக்கு அந்த ஷெட்டில் நிறுத்தியிருந்தால் லாரிக்கு இடம் இருந்திருக்காது.

வண்டி ஆறு சக்கர லாரி, பழசு. ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் தரும் எஃப்.சி. அந்த மாதத்தோடு அதற்கு முடிகிறது. திரும்ப எஃப்.சி. காட்ட வேண்டுமென்றால் பாடி வேலை, பெயிண்ட், டயர், கட்டணம் என்று ஆகிற செலவுக்கு வண்டியே ஈடாகாது. சோழவந்தான்காரருக்கு அந்த வேலைகளைக் குறைந்த செலவில் முடித்துக் கொடுக்கச் சொந்தத்தில் ஒரு பட்டறை இருந்தது, எனக்கு இல்லை. எஃப்.சி. உயிரோடு இருக்கும்போது விற்றால் அது லாரி. முடிந்த மறுநாள் விற்றால் இரும்பு. இரும்புக்கடைக்காரர் ஏற்கனவே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர் வண்டியைச் சுற்றி நடந்த விதமே, பார்க்கிற மாதிரி இல்லை, எடை போடுகிற மாதிரி இருந்தது.

லாரி விலை கிடைத்தால் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்றுக்கு முன்பணம் கட்டி, வண்டியூரிலிருந்து ஊருக்குள்ளேயே பூ மூட்டையும் காய்கறியும் அடித்து மிச்சக் காலத்தைத் தள்ளிவிடலாம். இரும்பு விலை கிடைத்தால் இன்னொருவர் லாரியில் சம்பளத்துக்கு ஏற வேண்டும். எதிரே வருகிற வண்டியின் விளக்கு நாலாகத் தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு நான் எந்த விளக்குகளுக்கு நடுவில் வண்டியை விடுவது? ஆகவே அன்றைக்கு விற்றே ஆக வேண்டும்.

இடையில் வந்த சனியன்தான் அந்த முள்.

போன தடவை எஃப்.சி.க்குக் காட்டுவதற்காக டீசல் டேங்கைக் கழற்றித் துருவைச் சுரண்டி ஒரு பெயிண்டரிடம் கொடுத்தேன். ஆர்வமான மனிதர். டேங்க் முழுக்க நீலம் அடித்து, நடுவில் தோகை விரித்த மயில் வரைந்து, நட்டு போல்ட்டைக்கூட விடாமல் கனமாகப் பூசிக் கொடுத்தார். அடியில் புது ரப்பர் வைத்து டேங்கைத் திரும்ப ஏற்றினோம். வண்டி அழகான அன்றைக்கே டீசல் முள் படுத்துவிட்டது. டேங்க் நிரம்பி வழிந்தாலும் காலி என்ற கோட்டில் தலைவைத்துத்தான் கிடக்கும்.

பழைய லாரிகளில் இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. டாஷ்போர்டில் இருக்கிற மீட்டர்களில் பாதி செத்திருக்கும், மீதி பொய் சொல்லும். மற்ற டிரைவர்கள் டேங்கை முட்டியால் தட்டி, சத்தத்தை வைத்தே டீசல் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு எந்தச் சத்தமும் காலி டேங்க் சத்தமாகத்தான் கேட்கும். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன்; சந்தேகப்படுவதை மட்டும் நிறுத்தியதில்லை. டீசல் தீர்ந்து லாரி நின்றால், பைக் மாதிரி ஊற்றிவிட்டுக் கிளம்ப முடியாது. குழாயில் காற்றுப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் நின்று கையால் பம்ப் அடித்து அந்தக் காற்றை வெளியே விரட்ட வேண்டும். ரோட்டில் போகிற ஒவ்வொருவனும் வேகத்தைக் குறைத்து, என்ன ஆச்சு என்று கேட்டு, பதில் வருவதற்குள் போய்விடுவான். அந்தப் பயத்தில் ஒரு மூங்கில் குச்சியைச் சீவிக் கோடு போட்டு வைத்திருந்தேன். டீக்கடையில் நிறுத்தினால் டேங்க் மூடியைத் திறந்து குச்சி. சுங்கச்சாவடி வரிசையில் நின்றால் குச்சி. மேலூர் ரோட்டு டீக்கடையில் என்னைக் கண்டாலே ஒரு குரல் வரும்:

"டாக்டரு வந்துட்டாருப்பா, காய்ச்சல் பாக்க!"

எனக்கு அந்தக் குச்சி போதுமாகத்தான் இருந்தது. மச்சான்தான் விடவில்லை.

"மாப்ள, வாரவரு தேங்கா யாவாரி. ஒவ்வொண்ணா தட்டித் தட்டிப் பாக்குற ஆளு. சாவியப் போட்டதும் முள்ளு எந்திரிக்கலேன்னு வையி, அங்கனயே பத்தாயிரத்தக் கொறைப்பாரு. மொதல்ல அத எழுப்பிவிடு."

காலையில் வருவதாகச் சொன்ன எலக்ட்ரீஷியன் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் வந்தார். ஏன் தாமதம் என்று கேட்டேன். "அதான் வந்துட்டேன்லண்ணே" என்றார். டேங்கின் தலையில் இருந்த வயரைக் கழற்றி, என்னைக் கேபினில் ஏறிச் சாவியைப் போட்டு முள்ளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, வயர் நுனியை வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸில் தொட்டார். செத்துக் கிடந்த முள் விருட்டென்று எழுந்து ஃபுல்லில் போய் நின்றது.

"எந்திரிச்சிருச்சு!" என்று கத்தினேன்.

"அம்புட்டுதாண்ணே. மீட்டரு நல்லாருக்கு, வயரு நல்லாருக்கு. உள்ள இருக்க மிதவதான் போயிருச்சு."

டேங்குக்குள் டீசலோடு ஏறி இறங்கி மேலே சேதி சொல்வது அந்த மிதவை. புதுசு வாங்கிவர என்னையே கடைக்கு அனுப்பினார். மாட்டினார். முள் அசையவில்லை.

"இது டூப்ளிகேட்டுண்ணே. ஒரிஜினல் வாங்கணும்."

திரும்ப ஓடி ஒரிஜினல் வாங்கிவந்தேன். மாட்டினார். முள் அசையவில்லை.

"ஒரிஜினல் ஒங்க வண்டிக்குச் சேராதுண்ணே" என்றார்.

சொல்லிவிட்டு, திறந்திருந்த டேங்கின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார். நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"ஏப்பா, டேங்க்கு தொறந்து கெடக்கு!"

"டீசல் பத்தாதுண்ணே. பெட்ரோலுதான் பத்தும். படிச்சவுக எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லி, தீக்குச்சியை டேங்கின் மேலேயே தேய்த்து அணைத்தார். மயிலின் கண்ணில் கரி பிடித்தது.

டீசல் பங்க்கில் டேங்கர் லாரிக்காரர்கள் ஒரு வயரை லாரியில் கவ்வவிட்டுத் தரையோடு சேர்த்த பிறகுதான் டீசலை இறக்குவார்கள். எதற்கு என்று ஒருநாள் கேட்டதற்கு, அந்தப் பங்க்கில் இருந்தவர் வாயால் பதில் சொல்லாமல் இரண்டு கையையும் மேலே விரித்து 'பூம்' என்று காட்டியிருந்தார். அது எனக்குள் அப்படியே இருந்தது. பீடி குடிக்கிறவரைத் தடுக்க முடியவில்லை, வெடிப்பதையாவது தடுக்கலாம் என்று, கிடந்த ஒரு துண்டு வயரை எடுத்து, டேங்க் போல்ட் ஒன்றில் இருந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டு அதில் ஒரு நுனியையும் சேஸிஸில் மறுநுனியையும் இறுக்கிக் கட்டினேன். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று வண்டிப் பேப்பர்களை வெளியே எடுத்து வைக்கக் கேபினில் ஏறினேன்.

முள் எழுந்து அரைக்கு மேலே நின்றது.

நம்பிக்கை வராமல் இறங்கிக் குச்சியை விட்டுப் பார்த்தேன். குச்சியும் அரைக்குக் கொஞ்சம் மேலேதான் நனைந்திருந்தது.

எலக்ட்ரீஷியன் பீடியைக் கீழே போட்டுக் காலால் நசுக்கினார். "பாத்தீகளா? சொன்னேன்ல. ஒரிஜினல் செட்டாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும்."

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. பெயிண்டும் ரப்பரும் சேர்ந்து டேங்கை வண்டியிலிருந்து தனியாகப் பிரித்து வைத்திருந்தன, கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல்தான் முள் படுத்துக் கிடந்தது, நான் உயிருக்குப் பயந்து கட்டிய வயர் அந்த வழியைத் திறந்துவிட்டது என்பதெல்லாம் எனக்கு விளங்கப் பல நாள் ஆனது. அதற்குள் அவர் இரண்டு மிதவைக்கும் சேர்த்துக் கூலி வாங்கிவிட்டார். நான் வெடிக்கவில்லையே என்ற சந்தோஷத்தில் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் தேங்காய் வியாபாரி வந்தார். மச்சான் சொன்னது சரிதான், எதையும் தட்டிப் பார்க்காமல் விடவில்லை. டயரைத் தட்டிக் காதை வைத்தார். கதவைத் தட்டினார். என் தோளையும் ஒரு தட்டு தட்டித்தான் வணக்கம் சொன்னார். அவருடைய டிரைவர் வாயில் பல்குத்தும் குச்சியோடு பின்னாலேயே வந்தார். வாங்குகிறவருடைய டிரைவர் தலையாட்டாமல் இந்தப் பக்கம் எந்தப் பழைய லாரியும் கைமாறாது. அதனால் அவருக்கு விற்கிறவன் தனியாக ஒரு மாமூல் கொடுப்பது வழக்கம். வந்து இறங்கியதுமே மச்சான் அவரைக் கட்டிப்பிடித்து நலம் விசாரித்தபோது அது சட்டைப்பைக்குள் போய்விட்டது.

போனது நன்றாக வேலை செய்தது.

"பொகை கருப்பா வருதேப்பா?" என்றார் வியாபாரி.

"அது ரொம்ப நாளு நின்ன வண்டி மொதலாளி. இருமி முடிச்சா சரியாப்போகும்" என்றார் டிரைவர்.

"டயரு மொட்டையா இருக்கே?"

"வழவழன்னு இருந்தாத்தான் இழுவ இருக்காது. டீசல் மிச்சம்."

"கதவ எதுக்குக் கயித்துல கட்டிருக்கு?"

"பூட்டுன்னா சாவி தேடணும். கயிறுன்னா அவுத்தாப் போச்சு."

எனக்கே என் வண்டியின் மேல் மரியாதை வந்துகொண்டிருந்த நேரம், வியாபாரி கேபினில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். முள் மெதுவாக, கல்யாண வீட்டில் பெரியவரைக் கண்டு எழுந்திருக்கிற மாதிரி எழுந்தது. எட்டிப் பார்த்த டிரைவரின் வாயில் குச்சி அப்படியே நின்றது.

"மொதலாளி, எறங்குங்க."

"ஏம்ப்பா?"

"டீசல் முள்ளு எந்திரிக்குது."

"எந்திரிச்சா நல்லதுதான?"

"இம்புட்டுப் பழைய வண்டியில எந்திரிக்கலாமா? நீங்க எத்தன லாரி பாத்துருக்கீக. ஒண்ணுலயாச்சும் முள்ளு எந்திரிச்சுப் பாத்துருக்கீகளா?"

வியாபாரி யோசித்தார். "இல்லையேப்பா."

"அப்ப இதுல மட்டும் ஏன் எந்திரிக்குது? கீழ பாருங்க. மிதவ புதுசு. வயரு புதுசு. நம்ம வாரோம்னு தெரிஞ்சு இன்னைக்கு மாட்டிருக்காக. இந்த ஒண்ணுக்கு இம்புட்டுச் செலவழிச்சவுக, வேற என்னத்த மறைக்கப் பாத்தாகளோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமூல் ஒரு தடவை வருகிற காசு. டீசல் தினம் வருகிற காசு. முள் செத்த வண்டியில் டிரைவர் ஒரு கேன் டீசலை வழியில் இறக்கி விற்றால் பழியை ஏற்றத்தின் மேல் போடலாம், எதிர்க்காற்றின் மேல் போடலாம், பழைய இன்ஜின் மேல் போடலாம். முள் உயிரோடு இருந்தால் அது முதலாளிக்குச் சொல்லிவிடும். ஒரு டிரைவர் வேலைக்குப் போகப்போகிற வண்டியில் நான் ஒரு சாட்சியை உட்கார வைத்திருந்தேன்.

மச்சானுக்கும் புரிந்துவிட்டது. என் இடுப்பில் கிள்ளினார். "வாயத் தொறந்துறாத மாப்ள. அந்த டிரைவர் மொகம் கோணுச்சுன்னா இரும்புக்கடதான்."

இரும்புக்கடை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. இந்த வண்டி யோக்கியமான வண்டி, அதாவது எல்லாப் பழைய வண்டியும் போல ஒழுங்காகக் கெட்டுப்போன வண்டி என்று நிரூபிக்க ஆரம்பித்தேன்.

"அண்ணே, ஹாரன் அடிக்காதுண்ணே."

வியாபாரி திரும்பிப் பார்த்தார்.

"வைப்பரு ஓடாது. ரிவர்ஸ் விழுகணும்னா கொஞ்சம் கெஞ்சணும். மழ பேஞ்சா மொதல்ல டிரைவர் சீட்டுலதான் பேயும்."

"ஸ்பீடு மீட்டரு?"

"செத்து ரொம்ப வருசமாச்சு."

"சூடு காட்டுற முள்ளு?"

"நான் வாங்குனதுலருந்து அது கண்ணு முழிச்சதே இல்லண்ணே."

ஒவ்வொரு குறைக்கும் அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் சிரித்தே விட்டார். மச்சான் தலையில் கைவைத்தபடி நின்றார்; வண்டி விற்கிறவன் குறையை அடுக்கி விலையைக் காப்பாற்றுவதை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. சிரித்து முடித்த வியாபாரி, "அப்ப டீசல் முள்ளு மட்டும் எப்பிடிண்ணே?" என்றார்.

"வெடிச்சிருமோன்னு பயந்து ஒரு வயரு கட்டுனேண்ணே. அது எந்திரிச்சிருச்சு."

"வெடிக்குமா?"

கூலி வாங்கியும் போகாமல் நின்ற எலக்ட்ரீஷியன் முன்னால் வந்தார். "அவரு கெடக்காருண்ணே. நான் செஞ்ச வேல அது. ஒரிஜினல்."

"வேணும்னா வயரக் கழட்டிர்றேன், முள்ளு படுத்துரும்" என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் டிரைவர் கட்டிங் பிளேயரோடு டேங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வியாபாரி தடுத்தார்.

"இருக்கட்டும்ப்பா. இப்பக் கழட்டுனா, எதுக்குக் கழட்டுனாகன்னு வேற நான் யோசிக்கணும். ஏற்கனவே யோசிக்க நெறைய இருக்கு."

மச்சான் தோளில் கிடந்த துண்டை உதறி விரித்தார். அவர் அப்பா காலத்தில் மாட்டுத் தரகு பேசிய குடும்பம். லாரியையும் அவர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார். துண்டு ரொம்ப நேரம் நெளிந்தது. ஒருவழியாகக் கையை எடுத்தபோது லாரி விலைதான் முடிந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: முள்ளின் பேரில் எண்ணாயிரம் ரூபாயை வியாபாரி நிறுத்தி வைத்துக்கொள்வார். முள் ஒரு மாதம் உண்மையைச் சொன்னால் அந்தப் பணம் எனக்கு. பொய் சொன்னால் அவருக்கு. நான் தலையை ஆட்டினேன். எண்ணாயிரத்துக்காக எஃப்.சி. முடியும்வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. வண்டியோடு அந்த மூங்கில் குச்சியையும் கொடுத்தேன். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று.

அந்த வாரமே வண்டியை அவர் பேருக்கு மாற்றி முடித்தோம். வந்த பணம் குட்டியானைக்கு முன்பணமாகப் போனது. இப்போது விடிகாலையில் பூ மூட்டை, பத்து மணிக்கு மேல் காய்கறி. கண்ணுக்குப் பழுதில்லாமல் ஓடுகிறது.

மாதம் முடிந்ததும் வியாபாரிக்கு போன் போட்டேன்.

"அண்ணே, ஒங்க முள்ளு சரியில்லண்ணே" என்றார்.

"படுத்துருச்சா?"

"படுக்கல. ஓவரா எறங்குது. திண்டுக்கல் லோடு எறக்கிட்டு வந்தா எங்க டிரைவர் கணக்குப்படி அர டேங்க் இருக்கணும். முள்ளு கால் டேங்க்குன்னு காட்டுது."

"குச்சி விட்டுப் பாத்தீகளா?"

"பாத்தேன். அதுவும் காலுன்னுதான் காட்டுது."

"அப்பறம் என்னண்ணே?"

"முள்ளும் ஒங்களுது, குச்சியும் ஒங்களுது. ரெண்டும் ஒண்ணாச் சேந்துக்கிட்டுப் பேசுதுண்ணே. என் டிரைவர் என்ட்ட எட்டு வருசமா இருக்கான். நான் யாரை நம்புறது?"

அப்போதே சொல்லியிருக்கலாம். என் மனைவி பக்கத்தில் நின்று கையாலேயே சொல்லச் சொன்னாள். போனை வைத்ததும் வாயாலும் சொன்னாள்: "அந்த டிரைவர்தான் டீசல எறக்குறான்னு ஒரு வார்த்த சொன்னா காசு வந்துரும். ஒங்களுக்கு என்ன?"

எனக்கு என்னவா? சொன்னால் அந்த டிரைவருக்கு வேலை போகும். என்னை மாதிரி வண்டியைத் தவிர வேறொன்றும் தெரியாத ஆள். வீட்டில் எத்தனை பேரோ. வேலை போனால் மாட்டுத்தாவணி பக்கம்தான் வேலை தேடி வருவார், நானும் அங்கேதான் தினம் நிற்கிறேன். அதுவும் போகட்டும். சொல்லி, வியாபாரி அதை நம்பாமல், கோபத்தில் "ஒங்க வண்டியே வேணாம், காசக் குடுங்க" என்று லாரியை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால்? காசு குட்டியானையாக மாறி அதே வாசலில் நிற்கிறது. அதை எதைக் கொண்டு திருப்புவது? இதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாதம் தவறாமல் வியாபாரிக்கு போன் போடுகிறேன். அவரும் மரியாதையாக எடுக்கிறார். முள் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். இன்னும் சாகவில்லை, அதே மாதிரிதான் பொய் சொல்கிறது என்பார். பிறகு தேங்காய் விலை, மழை, அவருடைய முழங்கால் வலி என்று பேச்சு போகும். பணத்தைப் பற்றி நானாகக் கேட்டால் உறவு கெட்டுவிடுமோ என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் விட்டால் மறந்துவிடுவாரோ என்றும் தூக்கம் வருவதில்லை. மச்சான் மட்டும் தன் தரகை அன்றைக்கே முழு விலைக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டார், நிறுத்தி வைத்ததற்கும் சேர்த்து. ஆக இன்றைய தேதியில் எனக்கு வர வேண்டிய பாக்கி எண்ணாயிரம் ரூபாய்.